கலியபெருமாள் பெட்டியில் கழற்றியவை

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவனுக்கு ஸ்க்ரூடிரைவர் இல்லாமல்கூட ஒரு நாள் ஓடிவிடும், 'நாளைக்கு' என்ற வார்த்தை இல்லாமல் ஓடாது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்களுக்கும், மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு அம்மியைக் கழுவி வைத்தவர்களுக்கும் இந்த வார்த்தையின் அருமை தெரியும். நீங்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பட்டவர்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களைப் படுத்தியவன். ஆனால் கடைசியில் நானும் பட்டேன், அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் கடை புதுச்சேரிப் பக்கம் பாகூரில், கடைத்தெருவை ஒட்டி. பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ். இந்த நாலு வருஷமாக 'ஹால் பெட்டி'க்குத்தான் கிராக்கி. பெயர் ஜனங்கள் வைத்தது. ஆபீஸ்களில் கழித்துக் கட்டும் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வந்து, தூசி தட்டி, ஒரு கிராபிக்ஸ் கார்டைச் சொருகி, டிவிக்குக் கீழே அடங்குகிற மாதிரி சின்ன கேபினெட்டில் போட்டுக் கொடுப்பேன். சுவிட்சைத் தட்டினால் நேராக கேம் பட்டியலில் போய் நிற்கும். கீபோர்டு வேண்டாம், மவுஸ் வேண்டாம், சோபாவில் சாய்ந்துகொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் போதும். கம்பெனிக்காரன் பெட்டி விலைக்கு வாய் பிளக்கிறவர்களெல்லாம் என்னிடம் வருவார்கள்.

கடையில் என்னோடு ஸ்டெல்லா அக்கா இருக்கிறார். கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சாஃப்ட்வேர் ஏற்றுவது, சால்டரிங் வைப்பது எல்லாம் அவர்தான். என் மனசாட்சி வேலையையும் அவர்தான் பார்க்கிறார். அதற்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை என்பதால் அது மட்டும் கொஞ்சம் கடுமையாக இருக்கும்.

அவசரமில்லாத ஆள்

பொங்கல் கழிந்த வாரம். அபிஷேகப்பாக்கத்திலிருந்து கலியபெருமாள் வந்தார். கரும்பும் நெல்லும் வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஹால் பெட்டி என்றால் பிள்ளைகள்தான் அப்பாவை இழுத்துக்கொண்டு வருவார்கள். இவர் தனியாக வந்து, ரெண்டு பேர் ஆடுகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும், ஜாய்ஸ்டிக் ரெண்டு கட்டாயம் வேண்டும் என்றார். யார் ஆட என்று கேட்டேன். நானும் என் பொண்ணும் என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஒரே மகள், அரசி. அவளுக்கு ஏழு வயசில் வில்லியனூர் தேருக்குப் போனபோது, கேசட் போட்டு ஆடுகிற டிவி கேம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். கழனியிலிருந்து வந்து கால் கழுவியதும் தினமும் அப்பாவும் மகளும் டாங்கி சண்டை. அவர் டாங்கி கீழே நின்று கோட்டையைக் காக்கும், அவள் டாங்கி மேலே போய்ச் சுட்டுவிட்டு வரும். அந்தப் பெட்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அரசிக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, தாத்தா காலத்திலிருந்து வருவது. தாலி கட்டி இருபது நாளில் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். விசா வந்ததும் இவள் போக வேண்டும். அதுவரைக்கும் அப்பா வீட்டில். அந்த 'அதுவரைக்கும்' ஆடத்தான் பெட்டி.

எங்கள் பக்கத்தில் பிரான்சு விசாவுக்குக் காத்திருக்காத குடும்பம் தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும். என் சித்தப்பா மகள் ஒன்றரை வருஷம் காத்திருந்தாள். அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு, பழைய டாங்கி ஆட்டத்தையும் ஏற்றித் தருகிறேன் என்றேன். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தவர் சொன்னார்: "அவசரம் இல்ல தம்பி. விசா வர்றதுக்குள்ள ஆனா போதும்."

எர்த் குழி

பத்து நாளில் அவர் பெட்டிக்கு எல்லாப் பாகமும் சேர்ந்துவிட்டது. கேபினெட்டின் மேல் டேப் ஒட்டி 'கலியபெருமாள், அபிஷேகப்பாக்கம்' என்று ஸ்டெல்லா அக்கா மார்க்கரில் எழுதி வைத்தார். டிவி ஸ்டாண்டை அளந்து வர நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில் பிளக்கில் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தால் எர்த் சுத்தமாக இல்லை. நம் ஊர் வீடுகளில் இது சகஜம். கட்டும்போது உப்பும் கரியும் போட்டு குழாய் புதைப்பார்கள், அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டார்கள், குழி காய்ந்து கிடக்கும். தகரக் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். பெட்டி வருகிற வரைக்கும் தினம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுங்கள் என்று கலியபெருமாளிடம் சொன்னேன். சரி என்று அப்போதே குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

அரசி ஹாலில் பிரெஞ்சு புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி எப்போது வரும் என்று கேட்டாள். அப்பா அவசரம் இல்லை என்று சொல்லியிருக்கிறார், நன்றாகவே செய்து தருகிறேன் என்றேன். சத்தமே வராத ஃபேன் ஒன்று போடப்போவதாகப் பெருமையும் அடித்தேன். அவள் கொல்லைப்புறத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவரு அவசரம் இல்லன்னு சொன்னா நம்பாதீங்கண்ணா. மில்லுல இருந்து கட்டிங் ஆர்டர் வராம கரும்பு காஞ்சி நின்னப்பகூட அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

பல்லி விழுந்த பலன்

கரியமாணிக்கத்தில் ஒரு வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. மறுநாள் விசேஷம், வீடு நிறைய விருந்தாளி, பிள்ளைகள் மட்டும் ஒன்பது. அந்த நேரம் பார்த்து, போன வருஷம் நான் செய்து கொடுத்த ஹால் பெட்டி படுத்துவிட்டது. வீட்டம்மா பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் இறக்கிவிட்டு, அது ஓடுகிற வரைக்கும் ஒன்பது பிள்ளைகளையும் உன் கடையில் கொண்டுவந்து விடட்டுமா என்றார். திறந்து பார்த்தேன். பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி. சூட்டுக்குப் போய் ஒண்டியிருக்கிறது, தானும் கருகி, பவர் சப்ளையையும் கருக்கிவிட்டது.

புதுசு புதுச்சேரியிலிருந்து மறுநாள்தான் வரும். அப்போதுதான் அலமாரியில் இருந்த கலியபெருமாள் பெட்டி என் கண்ணில் பட்டது. எங்கள் தொழிலில் இது ஊரறியாத ரகசியம். கத்துகிறவர் பெட்டி ஓடுவதற்கு, கத்தாதவர் பெட்டியில் கழற்றுவோம். நாளைக்கே வாங்கித் திரும்பப் போட்டுவிடலாம் என்று நம்பித்தான் கழற்றுவோம். நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷம். பெட்டி ஓடியது. கருகிய பல்லியைக் காகிதத்தில் மடித்து வீட்டம்மாவிடம் காட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஞ்சாங்கத்துல தலையில வுழுந்தா இன்னா, தோள்ல வுழுந்தா இன்னான்னு போட்டிருக்கான். பொட்டிக்குள்ள வுழுந்தா யாருக்குப் பலன்னு போடலியேப்பா."

யாருக்குப் பலன் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திறந்து கிடந்த கேபினெட்டை மூடி வைத்துவிட்டு, "நாளைக்கே திரும்பப் போட்ருவியா?" என்று மட்டும் கேட்டார்.

முப்பது வருஷ விசில்

நாளைக்கே போடவில்லை. அடுத்த வாரம்தான் போட்டேன். போட்ட கையோடு வேறொன்று போனது.

வில்லியனூரில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என் வாடிக்கையாளர். ஹால் பெட்டியில் அவர் ஆடுவது ஒரே ஆட்டம், பஸ் ஓட்டுவது. சும்மா ஓட்டமாட்டார். ஸ்டாப்பிங்கில் நிறுத்துவார், ஆள் ஏறக் காத்திருப்பார், ரைட் போலாம் என்று தானே சொல்லிக்கொண்டு எடுப்பார். வளைவுகளில் ஜாய்ஸ்டிக்கை அவர் முறுக்கிய முறுக்கில் அது ரெண்டு மாசத்துக்கு மேல் தாங்கவில்லை. புதுசு வரட்டும், நாலு நாள் பொறுங்கள் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தவர், டீ குடிக்கக்கூட எழவில்லை. "முப்பது வருஷம் பின்னால நின்னு விசிலு ஊதினன். இப்பதான் ஸ்டீரிங்கு கைக்கு வந்துருக்குது. அத்த புடுங்காத" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் என்னை என்னவோ செய்தது. இரக்கப்பட்டு ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரக்கம் என்னுடையது. ஜாய்ஸ்டிக் கலியபெருமாளுடையது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். கண்டக்டர் படியிறங்கியதும் ஸ்டெல்லா அக்கா மார்க்கரை எடுத்து என் முன்னால் வைத்தார்: "அந்தப் பொட்டி மேல அவரு பேர அழிச்சிட்டு, 'உதிரி பாகம் இங்கே கிடைக்கும்'னு எழுதிடு."

முளைக்கீரை

சித்திரை பிறந்துவிட்டது. வில்லியனூரிலிருந்து இன்னொருவர், இவர் கத்துகிற ஜாதி. துபாயிலிருந்து மச்சான் வருகிறான், அவன் வருவதற்குள் ஹாலில் பெட்டி ஓட வேண்டும், இல்லையென்றால் தன் மானம் போய்விடும் என்றார். அவர் மானத்தைக் காப்பாற்ற கலியபெருமாள் பெட்டியிலிருந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். அந்தக் கார்டு இல்லாவிட்டால் அது ஹால் பெட்டி இல்லை, வெறும் ஆபீஸ் கம்ப்யூட்டர். கழற்றி மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கலியபெருமாள் வந்து நின்றார்.

கையில் வாழைநாரில் கட்டிய முளைக்கீரைக் கட்டு. நான் சொன்னபடி தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறாராம். எர்த் குழியைச் சுற்றித் தானாகவே கீரை முளைத்துக் கிடக்கிறதாம், உனக்குத்தான் முதல் கட்டு என்று மேசைமேல் வைத்தார். மூன்று மாசம். நான் பெட்டி தராத மூன்று மாசமும் அந்த மனிதர் ஒரு நாள் விடாமல் குடம் சுமந்திருக்கிறார். தன் பேர் எழுதிய கேபினெட் திறந்து கிடப்பதைப் பார்த்தார். உள்ளே எது இருக்கிறது எது இல்லை என்று அவருக்குத் தெரியாது. என்ன ஆச்சு என்று கேட்டார். டெஸ்டிங்கில் இருக்கிறது என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். ஸ்டெல்லா அக்கா தலையைத் தூக்கவே இல்லை. கலியபெருமாள் திருப்தியாகத் தலையாட்டினார்: "நல்லா டெஸ்ட் பண்ணு தம்பி. ஆட்டத்துக்கு நடுவுல நின்னுட்டா அவ கோச்சிக்குவா."

அந்தக் கீரையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், கடைந்து சாப்பிடவும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஜாய்ஸ்டிக்

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. விசா வந்து நாலு நாளாகிறது, மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார், நாளைக்கு மத்தியானம் அரசி கிளம்புகிறாள் என்றார் கலியபெருமாள். நாலு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னை அவசரப்படுத்த வேண்டாம் என்று இருந்தாராம். ஒன்றரை வருஷக் கணக்கு போட்டவன் நான், ஐந்தே மாசத்தில் வந்து நிற்கிறது. எங்கள் ஊர் ஜனங்கள் விசாவைத் திட்டிய திட்டெல்லாம் போதாதென்று, சீக்கிரம் வந்ததற்காக அதைத் திட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் ஆர்டர் போட்ட கார்டு இன்னும் வழியில் இருந்தது. நான் விழித்துக்கொண்டு நிற்க, ஸ்டெல்லா அக்கா தான் வேலை செய்யும் கம்ப்யூட்டரை அணைத்து, அதிலிருந்து கார்டைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை ஆட்டங்களை ஏற்றி, டெஸ்ட் செய்து, நான் அபிஷேகப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வாசலில் கார் நின்றது. ஹாலில் உறவுக்கூட்டம். சூட்கேஸ்களைத் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, எடை கூடியதென்று முறுக்கு டப்பாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கலியபெருமாள் எல்லோரையும் விலக்கிவிட்டு, டிவிக்குக் கீழே நான் அளந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். எர்த் நன்றாக இருந்தது. சுவிட்சைப் போட்டேன், படம் வந்தது.

பையில் கை விட்டேன். ஒரு ஜாய்ஸ்டிக்தான் இருந்தது. கண்டக்டருக்குக் கொடுத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. பையைக் கவிழ்த்து உதறினேன். உதறினால் மட்டும் வந்துவிடுமா? அரசி பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து டாங்கி ஆட்டத்தை எடுத்தாள். பழக்கத்தில் ரெண்டு பேர் என்பதையே அழுத்திவிட்டாள். திரையில் ரெண்டு டாங்கி வந்தது. அவள் டாங்கி மேலே போனது. அப்பா டாங்கி கீழே கோட்டைப் பக்கத்தில் அசையாமல் நின்றது. "அப்பா, நீங்க?" என்று திரும்பினாள். இந்தாங்க என்று தன் கையில் இருந்ததை நீட்டினாள். கலியபெருமாள் அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் கையை மெதுவாகத் திரும்பத் தள்ளினார். "நீ ஆடும்மா. நான் பாக்கறன்."

பத்து மீட்டர்

ஒரு வாரம் கழித்து புது ஜாய்ஸ்டிக்கோடு போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. பெட்டி துணி போட்டு மூடியிருந்தது. கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தேன், எர்த் குழியில் அன்றைக்கு ஊற்றிய ஈரம் இருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். பவர் சப்ளை, ஜாய்ஸ்டிக், கார்டு, டெஸ்டிங் என்று சொன்ன பொய், ஒன்று விடாமல். தப்பு என்னுடையது என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் வராமல் கரும்பு காய்வதைப் பார்த்துப் பழகிய முகம், அதில் எதுவும் தெரியவில்லை.

ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயரு இல்லையே, எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டார். பத்து மீட்டர் என்றேன். ஹாலுக்குள்ளேதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் என்ன நினைத்துக் கேட்டார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிரான்சிலும் இதே மாதிரி ஒரு பெட்டி இருந்தால், இன்டர்நெட் வழியாக அங்கிருந்து அவளும் இங்கிருந்து நீங்களும் சேர்ந்து ஆடலாம், அதற்கு வழி இருக்கிறது, மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன், இந்த வாரமே செய்து தருகிறேன் என்று படபடவென்று சொன்னேன். அவர் ஜாய்ஸ்டிக்கைத் துணிக்கு அடியில், மற்றதன் பக்கத்தில் வைத்து மூடினார். பிறகு என் தோளில் தட்டிச் சொன்னார்: "அவசரம் இல்ல தம்பி. இனிமே இன்னா அவசரம்."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி வைத்தவர், தன் பெட்டியை என் கடையில் செய்யக் கொடுத்திருக்கமாட்டார்.